ஆட்டுக் கொட்டகையில் தொடங்கிய கதை

நிபோங் திபால்காரி:

வீட்டில் வில்சன் நோய் (செம்பு கழியாமல் உடம்பில் சேரும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என் கதையை ஆட்டுக் கொட்டகையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பா தோட்ட வேலையை விட்டதும் வெள்ளாடு பத்து, செம்மறி பன்னிரண்டு வாங்கிக் கட்டினார். தீனி செம்பனைப் பிண்ணாக்கு. நம் பக்கத்தில் அதைவிட மலிவாக என்ன கிடைக்கும்? மூட்டை பிரித்து இரண்டுக்கும் ஒரே தொட்டியில் கொட்டுவார். நாலைந்து மாதம் எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. ஒரு நாள் லோரியில் ஏற்றி வேறு கொட்டகைக்கு மாற்றினோம். மறுநாள் காலையில் மூன்று செம்மறிகள் எழவில்லை. கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள். சிமெண்டுத் தரையில் மூத்திரம் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் தேங்கி நின்றது. பாம்பு கடித்துவிட்டது என்றே அப்பா நினைத்தார்.

கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் மஞ்சள், சிறுநீரகம் கருநீலம். “பிண்ணாக்கில் உள்ள செம்பு ஐயா” என்றார். மிஞ்சிய செம்பைப் பித்தநீர் வழியாகக் கழிப்பதில் செம்மறி மந்தம்; ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும், வெளியில் ஒன்றும் தெரியாது. லோரிப் பயணம் மாதிரி ஓர் அலைச்சல் வந்தால் போதும், சேர்த்ததை இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும், மூத்திரம் கறுக்கும். அதே தொட்டியில் தின்ற வெள்ளாடுகளோ வேலியைக் கடித்துக்கொண்டு நின்றன. மீதிச் செம்மறிகளுக்குப் பிண்ணாக்கைக் குறைத்து, செம்பைக் கட்டிப்போடும் மாலிப்டினம் உப்பு கொடுத்துக் காப்பாற்றினோம்.

பல வருடம் கழித்து அக்கா மகன். 15 வயது. கையெழுத்து கோணலானது, பேச்சு குழறியது. சோம்பேறி என்று பள்ளியில் திட்டு. யாரோ சொல்லி மந்திரிக்கவும் கூட்டிப்போனோம், அதையும் மறைக்கவில்லை. கடைசியில் ஒரு நிபுணர் விளக்கு வைத்த கருவியில் கண்ணைப் பார்த்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் குறைவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அதிகம். “வில்சன் நோய். பித்தநீரில் செம்பு போகும் வழி அடைபட்டிருக்கிறது” என்று அவர் சொன்னதும் எனக்கு அந்தச் சிமெண்டுத் தரைதான் கண்ணில் வந்தது. ஆட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தார். “ஆட்டுக்குத் தீனி மிஞ்சியது. பையன் சாப்பிட்டது எல்லாரையும் போலத்தான். ஏடிபி7பி என்ற மரபணு அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்திருக்கிறது.”

செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன் மாத்திரை, கூடவே வைட்டமின் பி6. ஈரல், சிப்பி வகை, கொட்டைகள், சாக்லேட் கூடாது. பினாங்குப் பையனிடம் கெராங் சிப்பி இல்லாத சார் குவே தியாவ் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிடு என்றால் எப்படி இருக்கும்? நோயைக் கேட்டு அழாதவன் அதற்கு அழுதான்.

எலிக்கூண்டுத் தம்பி, கோலாலம்பூர்:

அக்கா, ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. இப்படி ஈரலில் செம்பு சேரும் ரக எலி எங்களிடம் இல்லை, ஆனால் இதைப் படித்துப் படித்து மண்டையில் ஏறிவிட்டது. ஜப்பானில் சப்போரோவில் உருவான எல்.இ.சி. எலிக்கு நாலு மாத வயதில் தானாகவே மஞ்சள் காமாலை வரும். பிழைத்தவற்றில் பலவற்றுக்குப் பிறகு ஈரல் புற்றுநோய். ஈரல் முழுக்கச் செம்பு என்று 1991ல் தெரிந்தது. 1994ல் மரபணுவைப் பார்த்தால், உங்கள் அக்கா மகனுக்குப் பழுதான அதே ஏடிபி7பி.

அதைவிட ‘நச்சுப் பால்’ சுண்டெலிதான் எனக்கு வியப்பு. பேரைக் கேட்டால் பாலில் நஞ்சு என்று தோன்றும். உண்மையில் தாய்ப்பாலில் செம்பு போதாமல் குட்டிகள் செத்துப்போகின்றன. வேறொரு தாயிடம் விட்டால் பிழைக்கும். பிழைத்த குட்டி வளர்ந்ததும் அதன் ஈரலில் செம்பு குவியும். அதே ஏடிபி7பி பழுதுதான், ஓரிடத்தில் பஞ்சம், ஓரிடத்தில் குவியல்.

செந்தூல்வாசி:

எங்கள் அம்மா இரவெல்லாம் செம்புச் சொம்பில் தண்ணீர் வைத்துக் குடிக்கிறார். பயமாக இருக்கிறதே?

நிபோங் திபால்காரி:

அம்மாவுக்கு ஈரல் நன்றாக இருந்தால் மிஞ்சியதை அதுவே கழித்துவிடும், பயப்படாதீர்கள். வில்சன் உள்ளவர் அந்தச் சொம்பைத் தொடவே கூடாது. கைக்குழந்தை விஷயம் மட்டும் வேறு. ஒருகாலத்தில் இந்தியாவில், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் கொடுத்த குழந்தைகளுக்கு ஈரல் கெட்டிருக்கிறது.

அப்புறம் ஒன்று விட்டுப்போனது. கூடப் பிறந்தவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லி அக்கா மகனின் தங்கச்சியையும் சோதித்தோம். அவளுக்கும் இருக்கிறது. 9 வயது, ஓர் அறிகுறியும் இல்லை. துத்தநாக மாத்திரை கொடுக்கிறோம், குடல் செம்பை உறிஞ்சாமல் தடுக்க. தினமும் சண்டைதான். “எனக்குத்தான் ஒன்னுமே இல்லையே சித்தி” என்கிறாள். லோரியில் ஏற்றும்வரை செம்மறிகளும் அப்படித்தான் இருந்தன என்று அவளிடம் எப்படிச் சொல்ல? மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.