மினி லேத்துக்கு 63 பல் சேஞ்ச் கியர்: கட்டரை வீட்டிலேயே செய்ய முடியுமா?

மாடிப்பட்டறை:
வணக்கம். வீட்டு மாடியில் ஒரு மினி லேத் ஓடுகிறது, லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) 1.5 மி.மீ. பிட்ச், அதை ஓட்டும் சேஞ்ச் கியர் (மரையின் பிட்சுக்கு ஏற்ப மாற்றிப் போடும் பல் சக்கரம்) எல்லாம் 1 மாட்யூல் (பல்லின் அளவு) பிளாஸ்டிக். கேமரா டிரைபாடில் வரும் கால் இன்ச் 20 மரை (இன்ச்சுக்கு 20 புரி) வெட்ட வேண்டும், அதாவது பிட்ச் 1.27 மி.மீ. முறைப்படி 127 பல் கியர் வேண்டும், ஆனால் அது 129 மி.மீ. வட்டம், என் மெஷினில் கவரே மூடாது. 63 பல் கியர் இருந்தால் போதும் என்று கணக்கு வருகிறது: 80/63 = 1.26984. 40 பல் 63-ஐ ஓட்டி, 63-உடன் அதே ஷாஃப்டில் இருக்கும் 80 பல் லீட் ஸ்க்ரூவின் 60-ஐ ஓட்டினால் சரியாக வந்துவிடுகிறது. 100 மி.மீ. நீளத்துக்கு 0.0125 மி.மீ. தான் வித்தியாசம், டிரைபாட் திருகுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? சிக்கல் என்னவென்றால் செட்டில் 60 இருக்கிறது, 65 இருக்கிறது, 63 இல்லை. ஒரே ஒரு கியருக்காக 7-ஆம் நம்பர் இன்வால்யூட் கட்டர் (பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தை அதன் வளைவோடு வெட்டும் கட்டர்) வாங்க மனசு வரவில்லை. சின்ன மில்லிங் மெஷினும் 72:1 ரோட்டரி டேபிளும் (கைப்பிடி 72 சுற்று சுற்றினால் மேசை ஒரு சுற்று) இருக்கின்றன. கட்டரை வீட்டிலேயே செய்தவர்கள் வழி சொல்லுங்கள். பட்டன் முறை என்கிறார்களே, அது அவசியமா?

பழைய டர்னர்:
தம்பி, கட்டருக்கான அச்சு உங்கள் செட்டிலேயே இருக்கிறது. 7-ஆம் நம்பர் கட்டர் 55 முதல் 134 பல் வரை வெட்டும், அப்படியென்றால் 65 பல் கியரின் பள்ளமும் 63-இன் பள்ளமும் ஒரே கட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கால் இன்ச் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் எடுத்து, பக்கத்துக்கு 20 டிகிரி வைத்து வி மாதிரி கிரைண்ட் செய்யுங்கள். நுனி முக்கால் மி.மீ. அகலம் வரும்போது வீலை விட்டுவிட்டு ஆயில் ஸ்டோனுக்கு வந்துவிடுங்கள். அப்புறம் 65 பல் கியரின் பள்ளத்தில் பிட்டை வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே தெரியவில்லையோ அங்கே முட்டுகிறது, அந்த இடத்தைத் தேயுங்கள். பக்கங்கள் நேராக இருக்கக் கூடாது, லேசான குழிவு வேண்டும், கல்லின் மூலையால் இழுத்தால் வந்துவிடும். குழிவே இல்லாமல் நேராக விட்டாலும் 63 பல்லில் ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ.க்கும் குறைவாகத்தான் பிசகும், கியர் ஓடும், சத்தம்தான் கொஞ்சம் கூட வரும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல் முகம் தட்டையாக இருக்க வேண்டும், ரேக் (முகச் சரிவு) கொடுக்காதீர்கள். ஆர்பரில் (கட்டரைப் பிடித்துச் சுழலும் தண்டு) பூட்டும்போது அந்த முகம் ஆர்பரின் மையக் கோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பல்லின் உருவமே மாறிவிடும். கீழே 8, 10 டிகிரி கிளியரன்ஸ் கொடுத்தால் உரசாது. பிளாங்க் (இன்னும் பல் வெட்டாத வட்டு) அலுமினியமோ டெல்ரின் பிளாஸ்டிக்கோ போதும். ஒற்றைப் பல் கட்டரை வைத்துக்கொண்டு எஃகில் மோதாதீர்கள்.

எண்ணெய்க்கை:
டர்னர் ஐயா சொன்னது ஒரு கியருக்குச் சரி. நாளைக்கு 20 பல், 30 பல் என்று முழு செட்டையும் இரும்பில் போட ஆசை வந்தால் பட்டன் முறைதான் நல்லது என்பேன். பட்டனின் விட்டம் = பிட்ச் வட்ட விட்டம் (பல் எண்ணிக்கை × மாட்யூல்) × சைன் 20. 63 பல்லுக்கு 21.55 மி.மீ., இரண்டு பட்டன் மையங்களுக்கு நடுவே 21.63 மி.மீ. கடினப்படுத்திய அந்த இரண்டு பட்டனையும் ஒரு ஹோல்டரில் பூட்டி, லேத்தில் சுழலும் ஓஹெச்என்எஸ் (எண்ணெயில் கடினமாகும் டூல் ஸ்டீல்) வட்டின் விளிம்பில் நேராக உள்ளே விட்டால், நடுவில் மிஞ்சுவதுதான் கட்டரின் பல். பெரிய பட்டனாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பல் கூடக் கூட வளைவு தட்டையாகிக்கொண்டே போகிறது, அதனால் அப்படி.

பலரும் தடுக்கி விழுவது ரிலீஃபில்தான், அதாவது கட்டர் பல்லின் பின்பக்கச் சரிவில். வட்டை நேர் மையத்தில் கடைந்தால் பல்லின் பின்பக்கம் உரசும், வெட்டாது, சூடாகும். அதற்கு வட்டை 2, 3 மி.மீ. மையம் தள்ளிப் பூட்டிக் கடைந்து, நேர் மையத்திலிருந்து பார்த்தால் அதிகம் துருத்தி நிற்கும் பக்கத்தில் ஒரே ஒரு பல்லை விட்டு மற்றதை வெட்டி எறிந்துவிட்டு, திரும்ப நேர் மையத்தில் பூட்டினால் பின்பக்கம் தானாகவே சரிந்திருக்கும். அப்புறம் 800 டிகிரி பக்கம் சூடாக்கி எண்ணெயில் விடுங்கள், 200-இல் டெம்பர் செய்யுங்கள். தகடு மெல்லிசாக இருந்தால் செங்குத்தாக இறக்குங்கள், படுக்கவைத்து இறக்கினால் வளையும்.

கோவைக்காரன்:
இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் இங்கே எந்த கியர் பட்டறையிலும் கொடுத்தால் ஹாப்பில் (கியர் பல் வெட்டும் சுருள் கட்டர்) போட்டுத் தருவார்கள். ஒற்றை கியர் என்றால் சில இடத்தில் வேண்டாவெறுப்பாகத்தான் வாங்குவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடிப்பட்டறை:
நன்றி எல்லோருக்கும். கோவை தூரம், அதோடு செய்து பார்க்கத்தானே மெஷின் வாங்கியது. ஹெச்எஸ்எஸ் பிட் தயார், 65 பல்லில் வெளிச்சம் இரண்டு பக்கமும் சீராகத் தெரிகிறது. இப்போது பிரிப்பது எப்படி? 360/63 முடியாத தசமமாக ஓடுகிறது, டிகிரி பார்த்துத் திருப்பினால் கடைசிப் பல் கோணலாக நிற்குமோ என்று பயம்.

பழைய டர்னர்:
டிகிரியைத் தொடவே வேண்டாம். 72-ஐ 63-ஆல் வகுத்தால் ஒன்றும் ஏழில் ஒன்றும். ரோட்டரி டேபிளின் கைப்பிடிக்கு 21 துளை வட்டம் இருக்கும் பிளேட்டைப் போடுங்கள், ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று, கூட 3 துளை. எப்போதும் ஒரே பக்கமாகவே திருப்ப வேண்டும், தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். முதலில் நுனியால் லேசாகக் கீறல் மட்டும் போட்டு ஒரு சுற்று முழுதும் வாருங்கள், கடைசிக் கீறல் முதல் கீறலில் விழுந்தால்தான் ஆழமாக வெட்ட வேண்டும்.

பிளாங்க் விட்டம் 65 மி.மீ., ஆழம் 2.25. கட்டரின் நுனியை மையத்துக்குக் கொண்டுவர டேபிள் சக்கில் ஒரு கூர் சென்டரைப் பிடித்து, அதன் முனையோடு பொருத்திப் பாருங்கள், தள்ளி இருந்தால் பல் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டு, மூன்று பாஸில் இறக்குங்கள். ஆழம் சரியா என்று பார்க்க சாதா வெர்னியரே போதும்: 8 பல்லை அணைத்துப் பிடித்தால் 23.02 மி.மீ. வர வேண்டும். 22.95 பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் சேஞ்ச் கியர் இறுகாமல் ஓடும்.

மாடிப்பட்டறை:
8 பல் அளவு பிரமாதம் ஐயா. போர் (நடுத் துளை) 12 மி.மீ., அதில் 3 மி.மீ. கீ வழி (ஷாஃப்டில் நழுவாமல் பூட்டும் காடி) வேண்டும். அதை வெட்டும் புரோச் இல்லை.

எண்ணெய்க்கை:
3 மி.மீ. அகலத்துக்கு ஒரு ஹெச்எஸ்எஸ் பிட்டைத் தீட்டி, போரிங் பாரில் படுக்கவைத்துப் பூட்டுங்கள். சக்கைப் பூட்டி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டூலைத் தாங்கும் சேடிலைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி ஒவ்வொரு தடவையும் 0.05 இறக்குங்கள். அலுமினியம் என்றால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கியரில் பல் வெட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், பிறகு சக்கு தாடையில் பிடித்தால் பல் நசுங்கும்.