ஆச்சியின் ஹைநெக் ஸ்வெட்டரை டெல்லிக் குளிருக்கு எப்படிப் போடுவது? கழுத்து அரிக்கிறது, கோட்டுக்குள் நுழையவில்லை

பாளையங்கோட்டைப் பெண் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி முதல் வாரம் டெல்லிக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்த குளிர் குற்றாலச் சாரலும், மார்கழியில் கோலம் போடும்போது அடிக்கிற விடியற்காலைக் காற்றும்தான். டிசம்பரில்கூட எங்கள் ஊரில் ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அங்கே ஜனவரி விடியலில் 7, 8 டிகிரி சாதாரணம் என்கிறார்கள்.

புதிதாக வாங்கிக் குவிக்க மனமில்லை. ஆச்சியின் டிரங்குப் பெட்டி வீட்டில் இருக்கிறது. தாத்தா மாஞ்சோலை எஸ்டேட்டில் கணக்கு எழுதினவர். மழை பிடித்தால் வாரக்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாத ஊர் அது. அந்த நாட்களில் ஆச்சி கையால் பின்னிய அரக்கு நிற ஸ்வெட்டர் ஒன்று பெட்டியில் இருக்கிறது. கழுத்து நீளமாக இருக்கும், மடக்கி விட்டுக்கொள்ளலாம். இப்போது டர்டில்நெக் என்று தேடித் தேடி வாங்குகிறார்களே, அதேதான். கூடவே தாத்தாவின் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டும், ஆச்சியின் இரண்டு வீரவநல்லூர் செடிபுட்டா சேலைகளும் (செடி, பூ உருவங்கள் நெய்த கைத்தறிச் சேலைகள்) இருக்கின்றன. எல்லாம் 1970-களில் வாங்கியவை, பின்னியவை. டெல்லியில் இவற்றைத்தான் உடுத்த வேண்டும் என்று ஆசை. முக்கியமாக அந்த ஸ்வெட்டருக்கு மேல் சேலை கட்ட வேண்டும்.

நேற்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவந்து அரிப்பு வந்துவிட்டது. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டைப் போட்டால் அக்குளில் இறுக்கிப் பிடித்துக் கையைத் தூக்க முடியவில்லை. சேலை கட்டினால் இடுப்பில் மூட்டை கட்டின மாதிரி நிற்கிறது. முழங்கைப் பக்கம் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. பாச்சை உருண்டை வாடை வேறு. தையல்காரர் ஒருவரிடம் காட்டினேன். கழுத்தை வெட்டிவிட்டு ஜிப் வைத்துத் தரட்டுமா என்றார். அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்ததும் ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அக்கா:

நல்லவேளை, வெட்ட விடவில்லை. கையால் பின்னியதில் ஒரு கண்ணியை அறுத்தால் அது வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். கழுத்தை வெட்டினால் தோள் வரைக்கும் பிரிந்துவிடும் தங்கச்சி.

முதலில் அது கம்பளியா, அக்ரிலிக்கா என்று பார்த்துக்கொள். உள்பக்கத் தையலில் தொங்கும் நூல் நுனியில் ஒரு விரல்கடை அளவு எடுத்து, இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேல் வைத்துக் கொளுத்து. முடி கருகின வாடை வந்து, தீ தானாக அணைந்து, சாம்பல் விரலில் நசுங்கினால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறினபின் கடினமான மணியாக உறைந்தால் அக்ரிலிக். இரண்டுக்கும் துவைக்கிற விதம் வேறு, சூடு தாங்குகிற விதமும் வேறு. பார்த்துச் சொல், மற்றதை அப்புறம் பேசலாம்.

பாளையங்கோட்டைப் பெண்:

பார்த்துவிட்டேன் அக்கா. சலூன் வாசலில் நிற்கிற மாதிரி வாடை. சாம்பல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்பளியேதான்.

கல்லிடைக்குறிச்சி அக்கா:

சரி, அப்படியானால் சோப்புத்தூளைத் தொடாதே. கறை நீக்க என்சைம் சேர்த்த தூள்கள் கம்பளி இழையையே தின்றுவிடும். ஏழெட்டுப் பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கசக்கி நுரை எடுத்துக்கொள். தண்ணீர் கை தாங்கும் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டு அமுக்கி அமுக்கி எடு. கசக்காதே, முறுக்காதே. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி இருக்கும். சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஸ்வெட்டர் பிள்ளைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். அப்புறம் எந்த ஊர் வைத்தியத்துக்கும் திரும்பாது.

அலசினபின் பெரிய துண்டில் வைத்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, மேலே கையால் அழுத்து. துண்டு தண்ணீரைக் குடித்துவிடும். கொடியில் மட்டும் போடாதே, ஈரக் கனத்தில் கை முழங்கால் வரை நீண்டுவிடும். நிழலில் ஒரு கோரைப்பாயை விரித்து அதன்மேல் படுக்கப் போடு. பத்தமடைப் பாய் வீட்டில் இருக்குமே, அடியில் காற்றுப் போகும், சீக்கிரம் காயும். மூன்று நாள் காற்றாடக் கிடந்தால் உருண்டை வாடையும் முக்கால்வாசி போய்விடும். வெயிலில் போட்டால் அந்த அரக்கு நிறம் வெளுத்துவிடும், கவனம்.

ஓட்டையைப் பார்த்தால் அந்துப்பூச்சி வேலை மாதிரி தெரிகிறது. துவைத்து நன்றாகக் காய்ந்தபின் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை. முட்டை, புழு எது இருந்தாலும் செத்துவிடும். கோட்டுக்கும் இதையே செய். இல்லையென்றால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவும்.

டெல்லி வாசி, சொந்த ஊர் தென்காசி:

11 வருடமாக இங்கே இருக்கிறேன். முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதே கழுத்துப் பிரச்சினைதான். ஒவ்வாமை என்று பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது இழையின் தடிமன்தான். மெரினோ என்கிற மென்மையான ஆட்டுக் கம்பளியின் இழை சுமார் 17 முதல் 24 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 30 மைக்ரானைத் தாண்டின இழையின் நுனி வளையாமல் நேராகத் தோலைக் குத்தும். அந்தக் காலக் கைப்பின்னல் நூல் பலதும் முரட்டு ரகம். எத்தனை முறை துவைத்தாலும் அந்த முரட்டுத்தனம் முழுக்கப் போகாது. அதனால் ஸ்வெட்டரை மாற்ற வேண்டாம், தோலுக்கும் அதற்கும் நடுவே ஒன்றை வையுங்கள்.

அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்குங்கள். உடம்போடு ஒட்டுகிற, மெல்லிய, முழுக்கை ஹைநெக் இன்னர். கழுத்து ஸ்வெட்டரின் கழுத்தைவிட ஒரு விரல் உயரமாக இருக்கட்டும். அதை ஸ்வெட்டரின் விளிம்புக்கு மேல் மடக்கிவிட்டால் கம்பளி எங்கேயும் தோலைத் தொடாது. வெள்ளையோ சந்தன நிறமோ எடுத்தால் அரக்குக்கு மேலே ஒரு கோடு மாதிரி தெரியும், பார்க்கவும் நன்றாக இருக்கும். கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டர்டில்நெக், ஹைநெக், போலோ நெக் என்று பெயர் மாறினாலும் சமாச்சாரம் ஒன்றுதான், மடக்குகிற கழுத்து. மாக் நெக் என்றால் மடக்காமல் பாதிக் கழுத்தோடு நிற்பது. அது உங்களுக்கு உதவாது.

இன்னரில் முழுப் பருத்தி வேண்டாம். ஊரில் பருத்தி நமக்குத் தெய்வம். இங்கே மெட்ரோவில் வியர்த்து, வெளியே வந்ததும் அந்த ஈரம் முதுகில் ஐஸாக நிற்கும். மெரினோவோ விஸ்கோஸ் கலந்த தெர்மலோ நல்லது. கம்பளிக்கு வேறு ஒரு குணம் உண்டு. தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. ஆச்சியின் ஸ்வெட்டர் நடு அடுக்காக இருப்பதற்கு அதுவே காரணம் போதும்.

உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று: இருக்கிறதிலேயே தடியான ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வது. சூடு துணியில் இல்லை, துணிக்கு நடுவே நிற்கிற காற்றில் இருக்கிறது. மூன்று மெல்லிய அடுக்கு ஒரு தடித்த அடுக்கைவிடக் காப்பாற்றும். மத்தியானம் வெயில் வந்து 20 டிகிரி ஆனால் ஒன்றைக் கழற்றவும் முடியும். ஆனால் அடுக்குகள் இறுக்கமாக இருந்தால் காற்று நிற்க இடமிருக்காது. அங்கேதான் உங்கள் கோட்டு உதைக்கிறது.

மேலப்பாளையம் தையல்:

கோட்டைப் பற்றி நான் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கோட்டுக்கு அக்குள் வெட்டு மேலே ஏறி, ஒடுக்கமாக இருக்கும். உள்ளே காலர் சட்டை மட்டும் போடுவார்கள் என்று கணக்குப் பண்ணி வெட்டியது. தடித்த ஸ்வெட்டர் அதற்குள் போகவே போகாது. போக வைக்கிறேன் என்று யாராவது அக்குளைப் பிரித்தால் தோள் விழுந்துவிடும். கோட்டு விறைப்பாக நிற்க உள்ளே வைத்த கேன்வாஸ் துணியும் கலைந்துவிடும். தொடவே வேண்டாம்.

இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? கோட்டு போடுகிற நாளில் உள்ளே மெல்லிய ஹைநெக் மட்டும், அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று. கை இல்லாததால் அக்குளில் பிடிக்காது, நெஞ்சுக்குச் சூடும் கிடைக்கும். ஆச்சியின் ஸ்வெட்டர் போடுகிற நாளில் அதுவே வெளியே தெரிகிற உடுப்பு, மேலே சால்வை போதும். ஆம்பளைக் கோட்டு என்பதால் கை நீளமாக இருக்கும். வெட்டாமல் உள்ளே மடித்துக் கைத்தையல் போடுங்கள், நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். லைனிங் கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். லைனிங் வழுக்கினால்தான் கம்பளிக்கு மேல் கம்பளி சுகமாக ஏறி இறங்கும்.

வீரவநல்லூர் நெசவு வீடு:

செடிபுட்டாவை டெல்லிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

இடுப்பில் மூட்டை கட்டுவது ஸ்வெட்டரின் கீழ் விளிம்பினால்தான். அந்த ஸ்வெட்டரை ரவிக்கை மாதிரி உள்ளே வைத்துக் கட்டாதீர்கள். மெல்லிய ஹைநெக்தான் ரவிக்கை. அதைப் பாவாடைக்குள் செருகிச் சேலையைக் கட்டுங்கள். பாவாடைக்கு உள்ளே கணுக்கால் வரை தெர்மல் லெகிங்ஸ். சேலையைக் கட்டி முடித்தபின் ஸ்வெட்டரை மேலே போடுங்கள். முந்தானையை ஸ்வெட்டருக்குள் விட்டு, நுனியை மட்டும் கழுத்துப் பக்கமாக வெளியே எடுத்துத் தோளில் விட்டால் புட்டாவும் தெரியும், மடிப்பும் கலையாது. கொசுவத்தை வழக்கத்தைவிட இரண்டு மடிப்புக் குறைத்து, அந்த நீளத்தை முந்தானைக்குக் கொடுங்கள்.

அடுத்தது ஊக்கு. பின்னலாடையில் நேராக ஊக்கைக் குத்தினால் ஒரு கண்ணி இழுத்துக்கொண்டு வரும், பின்பு அங்கே கோடு விழும். நெற்றிப் பொட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பருத்தித் துணியை இன்னரின் உள்பக்கம் தோளில் தைத்துக்கொண்டு, அதையும் சேர்த்துக் குத்துங்கள். பழைய சேலைக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். புட்டாவின் உள்பக்கம் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் முரட்டுக் கம்பளியில் மாட்டி இழுக்கும், உடுத்துவதற்கு முன் தடவிப் பாருங்கள்.

வள்ளியூர் அண்ணன்:

இவ்வளவு பாடு எதற்கு? ஜாக்கெட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே. பெட்டியில் இருப்பது பத்திரமாக இருக்கட்டும்.

கல்லிடைக்குறிச்சி அக்கா:

பெட்டியில் பத்திரமாக இருந்ததில்தான் பூச்சி தின்றது அண்ணாச்சி. உடுத்தி, துவைத்து, காற்றாட வைக்கிற துணியில் அந்து தங்காது. இருட்டில் அசையாமல் கிடப்பதைத்தான் தேடிப் போகும்.

டெல்லி வாசி:

அண்ணன் சொல்வதில் பாதி சரி. பனிமூட்டமும் காற்றும் சேர்ந்த விடியலுக்குக் காற்றைத் தடுக்கிற வெளிச்சட்டை ஒன்று வேண்டும். கம்பளிப் பின்னலுக்குள் காற்று புகுந்து போகும். அதை இங்கே வந்து வாங்கினால் போதும். காஷ்மீரி கேட் பக்கம் மொனாஸ்டரி மார்க்கெட்டில் கிடைக்கும். இன்னொன்று, இங்கே பல வீடுகளில் ஹீட்டர் கிடையாது, அறைக்குள்ளேயும் அதே குளிர்தான். காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்து வையுங்கள். சேலைக்குச் செருப்புப் போட்டால் பாதத்திலிருந்து குளிர் ஏறும். மூடின ஷூ போடுங்கள், சேலையைக் கணுக்காலுக்கு ஒரு அங்குலம் மேலே நிறுத்துங்கள். அது பழைய போட்டோக்களில் பார்க்கிற மாதிரி அழகாகவே இருக்கும்.

பாளையங்கோட்டைப் பெண் (ஐந்து வாரம் கழித்து):

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். திருக்குறள் எக்ஸ்பிரஸில் மூன்றாம் வகுப்பு ஏசியில் வந்தேன். முதல் ராத்திரியே இன்னரும் ஸ்வெட்டரும் போட்டுத் தூங்கிப் பார்த்தேன். கழுத்தில் ஒரு சிவப்பு இல்லை. இன்னர் கழுத்தை வெளியே மடக்குகிற யோசனைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

செடிபுட்டா, மேலே அரக்கு ஸ்வெட்டர், கொண்டை போட்டு, தோளில் முந்தானை நுனி. அலுவலகத்தில் மூன்று பேர் நிறுத்தி எந்த ஊர்ச் சேலை என்று கேட்டார்கள். கழுத்து மூடியிருப்பதால் மாலை எதுவும் போடவில்லை, ஜிமிக்கி மட்டும். இரண்டு மடக்கு மடக்கினால் கழுத்தே இல்லாத மாதிரி தெரிந்தது. ஒரு மடக்கோடு நிறுத்திவிட்டேன். கோட்டை மேலப்பாளையம் அண்ணாச்சி சொன்னபடி கையில்லாத ஸ்வெட்டரோடு போடுகிறேன், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தாராளமாக எழும்புகிறது. ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை: காற்றடித்தால் முந்தானை நுனி முகத்துக்கு வருகிறது. அப்புறம், ஸ்வெட்டர் கைக்கு அடியில் சின்னச் சின்ன உருண்டையாகத் திரள்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

வீரவநல்லூர் நெசவு வீடு:

முந்தானை நுனியின் உள்மூலையில் ஒரு பழைய பித்தளைப் பொத்தானைத் தைத்துவிடுங்கள். கனத்துக்குத் தானாகத் தொங்கும்.

கல்லிடைக்குறிச்சி அக்கா:

பிய்க்காதே, உள்ளே இருக்கிற இழையும் சேர்ந்து வரும். மேசையில் பரப்பி, சின்னக் கத்தரியால் உருண்டையை மட்டும் நறுக்கு. ஒருநாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடு. ஆமாம், அந்த மிளகு ஓட்டை என்ன ஆச்சு?

பாளையங்கோட்டைப் பெண்:

தைத்துவிட்டேன் அக்கா. நிறத்துக்குப் பொருந்துகிற நூல் எங்கேயும் கிடைக்கவில்லை. பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், ஆச்சி பின்னி முடித்த மிச்ச நூலை ஒரு முழம் அப்படியே தையலுக்குள் செருகி வைத்திருந்தாள். வெயிலே படாததால் நிறம் மட்டும் கொஞ்சம் கருத்திருக்கிறது. அதை எடுத்துத்தான் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினேன். பாதி நூல் மிச்சம், மறுபடியும் அதே இடத்தில் செருகி வைத்துவிட்டேன்.