இன் (IN) பட்டியலைச் சுருக்கும் பேட்ச் போட்டும் குவெரி கணக்கு ஒன்று சேரவில்லை, உதவுங்கள்

கொலுசுக்கடை_டிபி:
வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பில்லிங் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 17. எந்தக் குவெரி நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் ஓடுகிறது. பில்லில் எத்தனை டேக் (சரக்கின் அடையாள எண்) உண்டோ அத்தனை எண்ணும் குவெரியில் இன் அடைப்புக்குள் போகும். மூன்று டேக்குக்கு ஒரு வரி, நான்குக்கு வேறு வரி என்று கணக்கு சிதறுகிறது. 5000 இடமும் நிரம்பி, இன்ஃபோ வியூவில் டீஅலாக் எண் (இடமில்லாமல் வரிகளை நீக்கிய தடவைகள்) ஏறிக்கொண்டே போகிறது.

இந்தப் பட்டியல்களை ஒன்றாகச் சுருக்கும் பேட்ச்சை 17 சோர்ஸுக்கு ஏற்ப மாற்றி டெஸ்ட் மெஷினில் போட்டேன். பேட்ச் சுத்தமாக உட்கார்ந்தது. எக்ஸ்டென்ஷனின் சோர்ஸ் இருக்கும் கான்ட்ரிப் ஃபோல்டருக்குள் போய் மேக், மேக் இன்ஸ்டால், அப்புறம் ரீஸ்டார்ட். ஒரு மாற்றமும் இல்லை. மேக் இன்ஸ்டால்செக் கொடுத்தால் ஒரு டெஸ்ட்கூட ஓடாமல் முடிகிறது. எங்கே தேடுவது?

ஜங்ஷன்_ஆள்:
போஸ்ட்கிரெஸ் 18-ல் இந்த வசதி தானாகவே இருக்கிறதே தம்பி. எதற்கு இந்த வேலை?

கொலுசுக்கடை_டிபி:
தெரியும் அண்ணா. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடியும் வரை வெர்ஷன் மாற்றம் எதுவும் கூடாது என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஏற்காடு_காபி:
நீங்கள் பில்ட் செய்தது பாதிதான். குவெரி ஐடியை (எந்தக் குவெரிகள் ஒரே வரியில் சேரும் என்று முடிவு செய்யும் எண்) கணக்கிடும் வேலை 14-லிருந்து எக்ஸ்டென்ஷனில் இல்லை, சர்வரின் கோருக்குள் போய்விட்டது. பேட்ச்சின் முக்கியப் பகுதியும் அங்கேதான் இருக்கும். கான்ட்ரிப்பை மட்டும் புதுப்பித்தால் ஐடி பழையபடியேதான் வரும். அதைவிட மோசம், கோரும் எக்ஸ்டென்ஷனும் சில ஸ்ட்ரக்சர்களைப் பகிர்கின்றன. பேட்ச் அவற்றில் ஒன்றை மாற்றியிருந்தால், ஒன்று பழசு ஒன்று புதுசு என்ற நிலையில் சர்வர் விழவும் கூடும்.

சோர்ஸின் மேல் ஃபோல்டரிலிருந்து முழுவதையும் தனி ப்ரிஃபிக்ஸில் (இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டர்) பில்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் பிஎஸ் (ps) கமாண்ட் போட்டு, ஓடுவது அந்தப் போஸ்ட்கிரெஸ்தானா என்று பாருங்கள். பேக்கேஜில் வந்ததே எழுந்து உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிற கூத்து.

இன்ஸ்டால்செக் விஷயத்தில் தவறு எதுவும் இல்லை. இந்த எக்ஸ்டென்ஷன், சர்வர் எழும்போதே ஏற்றும் ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரீஸ் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்பதால் அந்த டெஸ்ட்டை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். கான்ட்ரிப் ஃபோல்டரில் மேக் செக் கொடுங்கள், அது தற்காலிக சர்வரைத் தானே எழுப்பிக்கொள்ளும்.

அம்மாப்பேட்டை_அக்கா:
இன்னொன்று. இந்த எக்ஸ்டென்ஷனின் சேவ் அமைப்பு இயல்பாகவே ஆனில் இருக்கும், அதனால் ஒழுங்காக ரீஸ்டார்ட் செய்தால் பழைய வரிகள் அப்படியே திரும்பி வரும். பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்_ரீசெட் ஓட்டிவிட்டுப் பாருங்கள். 17-ல் ஸ்டாட்ஸ்_சின்ஸ் என்ற நெடுவரிசை இருக்கிறது, எந்த வரி எப்போது பிறந்தது என்று அதிலேயே தெரியும்.

ஆனால் கடையின் சர்வரில் இதைப் போடாதீர்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மைனர் ரிலீஸ் வரும்போதெல்லாம் நீங்களே பேட்ச் போட்டு பில்ட் செய்ய வேண்டிவரும். ஒரு முறை தள்ளிப்போட்டாலும் பாதுகாப்புத் திருத்தம் விட்டுப்போகும். பில்லிங் கோடு உங்கள் கையில்தானே? இன் என்பதை எடுத்துவிட்டு, = எனி($1) (அதாவது ANY) என்று எழுதி, எண்கள் அனைத்தையும் ஒரே அர்ரேவாக பைண்ட் செய்யுங்கள், அதாவது $1-க்கான மதிப்பாகக் குவெரிக்கு வெளியே தனியாக அனுப்புங்கள். எத்தனை டேக் வந்தாலும் ஒரே வரி. இன் பட்டியலையும் போஸ்ட்கிரெஸ் உள்ளே பெரும்பாலும் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறது. அர்ரே என்ற சொல்லைப் போட்டு எண்களைக் குவெரியிலேயே எழுதினால் மட்டும் மறுபடி பழைய கதைதான்.

கொலுசுக்கடை_டிபி:
முழு பில்ட், ரீசெட் இரண்டும் செய்தேன், வரிகள் ஒன்று சேர்ந்துவிட்டன. மேக் செக்கும் பாஸ். கடைக்கு அக்கா சொன்ன எனி வழிதான். டேக் தேடும் குவெரியை மாற்றியாயிற்று, ஸ்டாக் ரிப்போர்ட் பாக்கி. அது ஓஆர்எம் (கோடிலிருந்து குவெரியைத் தானே எழுதும் லைப்ரரி) உருவாக்குகிற குவெரி, அங்கே அர்ரேவை எப்படி பைண்ட் செய்வது என்று யாருக்காவது தெரியுமா?

ஜங்ஷன்_ஆள்:
எந்த ஓஆர்எம், எந்த வெர்ஷன் என்று போட்டு அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்க தம்பி.