ஈறுல ரத்தம், சர்க்கரை 9.4 – சுத்தம் பண்ணினா பல்லு ஆட்டம் கண்டுடுமா? நாயனக்காரன் கேட்கிறேன்

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் நம்ம ஊரு. வயசு 51. நாயனம்தான் தொழில், வேற எதுவும் தெரியாது.

போன வைகாசியில ஒரு முகூர்த்தம். மாலை மாத்துற நேரம், மேல்ஸ்தாயி பிடிக்கிறேன், வாய் ஓரத்துல காத்து ஒழுகுது. நாயனத்துல வாய் வச்சு ஊதுற சீவாளி சரியில்லன்னு நினைச்சேன். திருவாவடுதுறைக்குப் போயி புதுசா ஒரு கட்டு வாங்கியாந்து ஒவ்வொன்னா ஊற வச்சுப் பார்த்தேன். எல்லாத்துலயும் அதே பிசிறு. அப்பறம் ஒருநாள் சவரம் பண்றப்ப கண்ணாடியில பார்க்கிறேன், மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு நெல்லு நுழையிற அளவுக்குச் சந்து. என் கல்யாண போட்டோவுல அந்தச் சந்து கிடையாது.

முந்தாநாள் ஆடிப்பெருக்கு. ஆத்தங்கரையில படையல் முடிஞ்சு காப்பரிசி ஒரு வாய் போட்டேன். ஊறின அரிசி, பச்சைப்புள்ள கூடத் திங்கும். அதைக் கடிக்கவே பல்லு அசைஞ்சுது. துப்பினா வெல்லத் தண்ணியோட ரத்தம். நான் காலால மண்ணைத் தள்ளி மூடுறதுக்குள்ள சம்சாரம் பார்த்துட்டா.

அன்னைக்கு சாயங்காலமே ஒரு இடத்துக்குக் கூட்டிப் போனா. அங்க பாதிப் பல்லை எடுத்துட்டு இம்பிளான்ட் வைக்கணும்னாங்க. சொன்ன தொகைக்கு ஒரு மா நிலத்துக்கு முன்பணம் குடுத்துடலாம். நேத்து வேற ஒரு இடம். அவங்க ஒரு மெல்லிசுக் கம்பியை ஈறுக்குள்ள விட்டு விட்டு எடுத்து, “7, 6, 7, 5”னு பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டே போனாங்க. எனக்குத் தெரிஞ்ச எந்தத் தாளத்துலயும் அடங்காத கணக்கு. முடிச்சுட்டு, “பல்லு எடுக்க வேணாம், நாலு தடவை வாங்க, ஈறுக்குள்ள ஆழமா சுத்தம் பண்ணுவோம், சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும்”னாங்க. இப்படியே விட்டா இதயம், மூளை வரைக்கும் பாதிக்கும்னும் சொன்னாங்க.

எனக்கு சர்க்கரை எட்டு வருசமா இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருது, ரெண்டு வேளையும் தவறாம போடுறேன். ஆனா மூணு மாச சர்க்கரை போன மாசம் 9.4. டாக்டர் என்னைத் திட்டுறாரு, நான் சம்சாரத்தைத் திட்டுறேன்.

எங்கம்மா சுத்தம் பண்ணவே கூடாதுங்குது. பெரியப்பா சுத்தம் பண்ணிட்டு வந்த ரெண்டே மாசத்துல பல்லு ஆட ஆரம்பிச்சுதாம். நாயனக்காரனுக்குப் பல்லு போச்சுன்னா உதட்டுக்குப் பிடிமானம் போச்சு. ஈறுக்கும் சர்க்கரைக்கும் நிஜமாவே சம்பந்தம் உண்டா, இல்ல ஆளைப் பிடிக்கிற பேச்சா? ஆடியில முகூர்த்தம் இல்ல. பண்ணினா இப்பவே பண்ணணும். ஆவணி பிறந்தா எனக்கு மூச்சு விட நேரமிருக்காது.

ஓடம்போக்கி:

அண்ணா, நான் ஈறு மருத்துவம் படிச்சவ, திருவாரூர் பக்கம் கிளினிக் வச்சிருக்கேன். வாயைப் பார்க்காம மருந்து சொல்ல மாட்டேன். ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லலாம்.

அந்த 7, 6 எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. நல்ல ஈறுன்னா பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல கம்பி 3 வரைக்கும்தான் இறங்கும். 7 இறங்குதுன்னா அங்க ஒரு பை உண்டாகியிருக்கு. அந்தப் பையோட உள்சுவர் முழுக்கப் புண். ஒரு பல்லுல கொஞ்சம்தானேன்னு தோணும், இருபது பல்லைச் சுத்தி இருக்குன்னு வச்சுப் பாருங்க. கால்ல அவ்வளவு பெரிய புண் இருந்தா ஒரு நாள் சும்மா இருப்பீங்களா? வாய்க்குள்ள இருக்கறதாலயும் வலிக்காததாலயும் வருசக்கணக்கா விட்டுடுறோம்.

அந்தப் புண்ணிலிருந்து அழற்சிப் பொருட்கள் ரத்தத்துல கலந்துக்கிட்டே இருக்கும். அதுங்க இன்சுலின் வேலை செய்றதைத் தடுக்கும். அந்தப் பக்கம் பார்த்தா, சர்க்கரை ஏறின உடம்புல ஈறுப் புண் ஆறாது. ஒன்னு மத்ததுக்குத் தீனி போடுது. 1993லயே ஹரால்ட் லோ என்ற ஈறு ஆராய்ச்சியாளர், ஈறுநோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல்னு எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு வரிசையில இதையும் சேர்த்துக்கோங்கன்னு அர்த்தம்.

இறங்குமான்னா, இறங்கும், ஆனா எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும். 2022ல, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசுற காக்ரேன் குழு 35 சோதனைகளை, மொத்தம் 3,249 பேரை, சேர்த்துப் பார்த்தாங்க. ஈறு சிகிச்சை எடுத்தவங்களுக்கு மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி, அதாவது நீங்க சொன்ன மூணு மாச சர்க்கரை, சராசரியா 0.43 குறைஞ்சுது. உங்க 9.4 சுமார் 9 ஆகும்னு வச்சுக்கோங்க. மாத்திரையை நிறுத்துற அளவுக்கு இது பெரிசில்ல. ஆனா வேண்டாம்னு தள்ளுற அளவுக்குச் சின்னதுமில்ல. லண்டன்ல 264 பேரை வச்சு 2018ல வந்த சோதனையில, ஈறை விடாம ஒரு வருசம் கவனிச்சவங்களுக்கு மத்தவங்களைவிட 0.6 குறைவா இருந்துது. 2013ல அமெரிக்காவில 514 பேர்கிட்ட பண்ணினதுல ஒன்னுமே மாறல, அதையும் சொல்லிடுறேன். அந்தச் சோதனையில சுத்தம் பண்ணினப்பறமும் ஈறுல ரத்தமும் வீக்கமும் நிறைய மிச்சமிருந்துதுன்னு எங்க ஆளுங்க விமர்சனம் பண்ணினாங்க. அரைகுறையா பண்ணினா அரைகுறையாதான் வரும்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது உங்கம்மா பயம். அது வெறும் மூடநம்பிக்கை இல்ல, கண்ணால பார்த்ததைத்தான் சொல்றாங்க. வருசக்கணக்கா சேர்ந்த காரை பல்லுக்குப் பல் சிமென்ட் பூசின மாதிரி பிடிச்சுக்கிட்டிருக்கும். பல்லைத் தாங்குற எலும்பு ஏற்கெனவே கரைஞ்சு போயிருக்கும், அது வெளியில தெரியாது. காரையை எடுத்ததும் முட்டுக் குடுத்தது போயிடுது, வீங்கின ஈறும் வத்திடுது. பல்லு நீளமான மாதிரி இருக்கும், சந்து தெரியும், பச்சைத்தண்ணி பட்டா கூசும். பெரியப்பாவுக்கு அன்னைக்கு ஆடினது பல வருசம் முன்னாடியே ஆட ஆரம்பிச்ச பல்லு.

காலையில சாப்பிட்டுட்டு, மாத்திரையும் போட்டுட்டுப் போங்க. மாத்திரை போட்டுட்டுப் பட்டினியா போயி நாற்காலியில மயங்கினவங்க உண்டு. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை எடுக்கிறீங்களா, சின்ன வயசுல வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டிருக்கா, ரெண்டையும் முதல்லயே சொல்லிடுங்க. ஒவ்வொரு தடவைக்கும் அப்பறம் ரெண்டு மூணு நாளாவது வாசிக்காதீங்க. பணம்தான் தடைன்னா சிதம்பரம் அண்ணாமலை நகர்ல, முன்னாடி ராஜா முத்தையா பேர்ல இருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க ஈறுக்கே தனித் துறை உண்டு. காத்திருக்கணும், அவ்வளவுதான்.

மகாமகக்குளம் வாத்தியார்:

தம்பி, டாக்டரம்மா சர்க்கரை பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. இதயம், மூளை என்று உங்களைப் பயமுறுத்தினார்களே, அதைப் பற்றித்தான் நாலு வார்த்தை. நான் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் எனக்குக் குடும்பக் கோபம் ஒன்று உண்டு.

என் தாத்தாவுக்கு முட்டிவலி. சுதந்திரத்துக்கு முன்னால் நடந்தது. பட்டணத்து மருத்துவர் ஒருவர், “விஷம் பல்லிலிருந்துதான் இறங்குகிறது” என்று சொல்லி இருந்த பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டார். முட்டிவலி தாத்தாவோடு கடைசி வரைக்கும் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, திண்ணையில் அவர் சின்ன இரும்பு உரலில் வெற்றிலை பாக்கு இடிக்கும் சத்தம் ‘டொக் டொக்’ என்று மத்தியானம் பூராவும் கேட்கும். கோகுலாஷ்டமிச் சீடையையும் அதே உரலில்தான் இடித்துத் தின்பார்.

அந்த மருத்துவர் முட்டாள் இல்லை. அன்றைய அறிவியலைத்தான் செய்தார். 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மாண்ட்ரியலில் பேசிய பேச்சு, வாயிலுள்ள அழுக்கே பல நோய்க்கு மூலம் என்ற எண்ணத்தைப் பரப்பிவிட்டது. அதன் பிறகு எத்தனையோ நல்ல பற்கள் போயின. பல்லைப் பிடுங்கியதால் நோய் போகவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்க்க இருபது முப்பது வருடம் ஆயிற்று.

இப்போது அதே பேச்சு புதுச் சட்டை போட்டு வருகிறது. ஈறு கெட்டவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பது உண்மை. அவர்களில் சர்க்கரைக்காரர்களும் புகைப்பவர்களும் அதிகம் என்பதும் உண்மை. 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் இதை ஆராய்ந்து, மற்ற காரணங்களை விலக்கிப் பார்த்தாலும் தொடர்பு தெரிகிறது, ஆனால் ஈறுதான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. 2007இல் 120 பேரிடம் செய்த ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். ஈறைத் தீவிரமாகச் சுத்தம் செய்த மறுநாள் ரத்தக்குழாய்களின் நிலை முன்பைவிட மோசமானது. ஆறு மாதத்தில் முன்பைவிடத் தேறியது. ஆனால் ரத்தக்குழாய் விரிவதும் மாரடைப்பு தடுக்கப்படுவதும் ஒன்றல்லவே.

மூளை விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 2019இல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ஈறுக் கிருமி ஒன்றின் தடயம் கண்டதாகக் கட்டுரை வந்தது. அந்தக் கிருமியின் நொதியை அடக்க மருந்து செய்து 643 பேரிடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது, மறதி குறையவில்லை. முதல் செய்தி பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்த அளவுக்கு இரண்டாவது வரவில்லை.

ஆகவே தம்பி, சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல்லுக்காகச் செய்யுங்கள், சர்க்கரை கொஞ்சம் இறங்கினால் லாபம். பாதிப் பல்லை எடுக்கச் சொன்ன இடத்துக்கு மட்டும் திரும்பப் போகாதீர்கள்.

தவில்காரர் வீட்டம்மா:

எல்லாரும் எல்லாம் சொல்லிட்டீங்க. அண்ணே, நீங்க ஒன்னு சொல்லவே இல்லையே. புகையிலை போடுறீங்களா இல்லையா?

எங்க வீட்டுக்காரரு கூட வாசிக்கிற நாயனக்காரங்களை நானும் இருபது வருசமா பார்க்கிறேன். ராத்திரி சாமி புறப்பாடுன்னா மல்லாரிக்கு முன்னாடி ஒரு தடவை, தீபாராதனைக்கு அப்பறம் ஒரு தடவை. கொழுந்து வெத்திலை நம்ம காவேரித்தண்ணியில வளர்ந்தது, அது மேல எனக்குக் கோபமில்ல. கூட வர்ற சீவலும் புகையிலையும்தான். புகையிலையே இல்லாத வெறும் பாக்குகூட புத்துநோய் கொண்டாரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சிக் குழு 2004லயே சொல்லிட்டுது. எங்க வீட்டுக்காரருக்கு வாய் சரியா திறக்காம போனப்பதான் எங்களுக்கே தெரியும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூணையும் சேர்த்து, நெட்டுக்குத்தலா பல்லுக்கு நடுவுல வச்சுப் பாருங்க. நுழையலன்னா அன்னைக்கே காட்டணும்.

இன்னொன்னு. உமிக்கரி போட்டு விளக்குற ஆளுன்னா அதையும் விட்டுடுங்க. எங்க மாமியார் பல்லு வெள்ளை வெளேர்னுதான் இருந்துச்சு, ஆனா ஈறோரம் எல்லாம் கத்தியால சீவின மாதிரி பள்ளம்.

வெண்ணாற்றங்கரை:

அம்மா, கரெக்டா பிடிச்சுட்டீங்க. போடுறேன். இடது கன்னத்துல அடக்கிக்கிறது. இப்ப நினைச்சுப் பார்த்தா 7 சொன்னதெல்லாம் இடது பக்கம்தான். மூணு விரல் நுழையுது, அந்த மட்டுக்கும் தப்பிச்சேன். உமிக்கரி இல்ல, பல்பொடி. விரலால.

வர்ற திங்கக்கிழமை முதல் தடவைக்கு நேரம் வாங்கிட்டேன்.

வெண்ணாற்றங்கரை:

கார்த்திகை பிறந்தாச்சு, வந்து சொல்றேன்னு நினைச்சுத் தள்ளிப் போயிக்கிட்டே இருந்துச்சு.

நாலு தடவையும் ஆடிக்குள்ளயே முடிஞ்சுது. டாக்டரம்மா சொன்ன மாதிரியே சந்து இன்னும் பெரிசாச்சு, பச்சைத்தண்ணி கூசுச்சு. எங்கம்மா “நான் சொல்லல?”ன்னு பத்து நாள் பேசிச்சு. முதல் ஆவணி முகூர்த்தத்துல சட்ஜத்துக்கு மேல போகவே பயந்து கீழயே சுத்திக்கிட்டிருந்தேன். தவில்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரு. அப்பறம் முன்பல் நாலையும் பின்பக்கமா மெல்லிசுக் கம்பி வச்சு ஒட்டிவிட்டாங்க. ஐப்பசியில வாசிச்சப்ப மேல்பஞ்சமம் பிசிறில்லாம நின்னுது. இடது கடைவாய்ப் பல்லு ஒன்னை மட்டும் காப்பாத்த முடியல, எடுத்தாச்சு.

கம்பி விட்டு மறுபடி அளந்தாங்க. 7 இருந்த இடத்துல 4. ரெண்டு இடத்துல மட்டும் 5.

மூணு மாச சர்க்கரை 8.1. வாத்தியார் ஐயா கேட்பீங்கன்னு தெரியும், அதனால நானே சொல்லிடுறேன். புகையிலையை விட்டேன், நடுவுல டாக்டர் மாத்திரை ஒன்னு கூட்டினாரு, ரத்தத்தைப் பார்த்து சம்சாரம் பயந்ததுல ராத்திரி சோறு பாதியாச்சு. இதுல ஈறு குறைச்சது எவ்வளவு, மத்தது குறைச்சது எவ்வளவுன்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

டாக்டரம்மாகிட்ட ஒரு சந்தேகம். மார்கழி முழுக்க விடியக்காலம் கோயில்ல வாசிக்கணும். பனிக்காத்து வாய்க்குள்ள போறப்ப அந்தக் கம்பி ஒட்டின இடம் சுரீர்னு இழுக்குது. கூச்சத்துக்குன்னு விக்கிற பேஸ்ட்டை ராத்திரி அங்க தடவிட்டுக் கொப்பளிக்காம அப்படியே படுக்கலாமா?