தொடங்கிய வேகத்தில் நின்றுவிடும் ஏர்கான் ஊதுவிசிறி: பழுது மோட்டாரிலா, மின்பலகையிலா?

கேள்வி (சிங்கப்பூர் ஈசூன் வாசி):
வணக்கம். எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரே வெளிப்பெட்டியுடன் மூன்று உட்பெட்டிகள் இணைந்த ஏர்கான் உள்ளது. அம்மாவின் அறையில் மட்டும் ஊதுவிசிறி சில விநாடிகள் சுழன்று நின்று, மறுபடி முயன்று, பிறகு விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. மற்ற இரு அறைகளிலும் குளிர் நன்றாகவே இருக்கிறது. சென்ற மாதம்தான் உட்பெட்டியை முழுவதும் கழற்றி ரசாயனக் கழுவல் செய்தார்கள். பார்க்க வந்த பணியாளர், உறையைத் திறக்காமலேயே மோட்டாரையும் அதை இயக்கும் மின்பலகையையும் (சர்க்கியூட் போர்டு) சேர்த்து மாற்றவேண்டும் என்கிறார். எது பழுது என்று முதலில் உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

பதில் (முன்னாள் ஏர்கான் பழுதுபார்ப்பவர்):
வணக்கம். விசிறி சில விநாடிகளாவது ஓடுகிறது என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னது நல்லது. மோட்டார் தன் சுழல்வேகத்தைத் துடிப்புகளாகப் பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு வராவிட்டாலோ, கேட்ட வேகத்தை மோட்டார் எட்டாவிட்டாலோ, பலகை அதை நிறுத்திவிட்டு மீண்டும் முயலும். டைக்கின் ஏர்கான்களில் இதற்கான பழுதுக் குறியீடு ஏ6. ஆனால் குறியீடு விசிறிச் சுற்றைத்தான் காட்டுமே தவிர, மோட்டார் செத்துவிட்டது என்று சொல்லாது.

முதலில் மின்பெட்டியில் ஏர்கானுக்குரிய சுவிட்சை அணைத்துச் சில நிமிடங்கள் காத்திருங்கள். அணைத்த பிறகும் பலகையின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் பலகையைத் தொடவேண்டாம். பின்னர் காற்று வெளிவரும் வாய் வழியாக விசிறி உருளையை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நேர்மின் (டிசி) மோட்டாரில் காந்தத்தின் இழுப்பால் சிறு சிறு தடை தென்படுவது இயல்பே. சுற்று முழுவதும் கனமாக இழுத்தால் மோட்டாரின் உட்சுற்று பழுதாகியிருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் உரசினால் தாங்கியையோ (பேரிங்) உருளையின் இருக்கையையோ சந்தேகிக்கவேண்டும்.

பதில் (தெம்பனிஸ் வாசி):
பழைய மாற்றுமின் (ஏசி) மோட்டார் என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முனகல் மட்டும் கேட்டு விசிறி சுற்றாமலோ, மிக மெதுவாகச் சுற்றினாலோ, 1 அல்லது 2 மைக்ரோஃபாரட் அளவுள்ள சிறிய கெப்பாசிட்டர் (மின்தேக்கி) வலுவிழந்திருக்கலாம். அது மலிவான பாகம். அதைச் சோதிக்காமல் மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அணைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். மோட்டார் இருக்கும் வலப்பக்கம் சரளமாக இருக்கிறது. இடது ஓரத்தில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உருளை உறையோடு உரசுகிறது.

பதில் (முன்னாள் ஏர்கான் பழுதுபார்ப்பவர்):
அப்படியானால் கழுவிய பின் உருளையைத் திரும்பப் பொருத்தியதில்தான் பிழை இருக்கக்கூடும். இடது முனையின் இரும்புத்தண்டு ஒரு ரப்பர் தாங்கிக்குள் உட்காரவேண்டும். அது விலகினாலோ, மோட்டார்த் தண்டில் உருளையை இறுக்கும் திருகு தளர்ந்தாலோ, உருளை சாய்ந்து உரசும். அந்தச் சுமையால் மோட்டார் உரிய வேகத்தை எட்டாமல் பலகை அதை நிறுத்திவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

கழுவியவர்களையே அழைத்து, இந்த இரண்டையும் உங்கள் கண்முன் சரிசெய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் நின்றால் மட்டுமே மின்னழுத்த அளவீடு தேவை. பெரும்பாலான நேர்மின் மோட்டார்களின் இணைப்பில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரமும், 15 வோல்ட்டும், வேகக் கட்டளைக்கான சிறு மின்னழுத்தமும் தனித்தனியே வரவேண்டும். மூன்றும் வந்தும் சுற்றாவிட்டால் மோட்டார் பழுது. ஏதேனும் ஒன்று வராவிட்டால் முதலில் பலகையைப் பார்க்கவேண்டும். மின்சாரம் ஓடும் நிலையில் செய்யவேண்டிய இந்தச் சோதனையைத் தேர்ந்த பணியாளரிடமே விடுங்கள். மின்சாரம் ஓடும்போது அந்த இணைப்பைப் பிடுங்கினால் நல்ல மோட்டாரும் பலகையும் சேர்ந்தே கெட்டுப்போகக்கூடும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.