புதுப்பிப்பு: ஒரே கூரையில் லாயமும் வீடும் – நடுச்சுவர்

ஓஹியோவில் 36க்கு 60 அடி மரத்தூண் கட்டடம். ஒரு பாதியில் 12க்கு 12 அடியில் நான்கு குதிரைக் கொட்டடிகள், மறுபாதியில் வீடு என்று முன்பு எழுதியிருந்தேன். கூரை ஏறிவிட்டது. லாயத்தையும் வீட்டையும் பிரிக்கும் நடுச்சுவரை எப்படி அமைக்கிறேன் என்று கேட்டவர்களுக்காக இது.

இரு பக்கமும் 5/8 அங்குல டைப் எக்ஸ் (தீயைக் கூடுதல் நேரம் தாங்கும் வகை) ஜிப்சம் பலகை, கூரைத் தகடு வரை. உள்கூரை மட்டத்தோடு நிறுத்தினால் தீயும் அம்மோனியா வாடையும் மேலே சுற்றி வீட்டுக்குள் இறங்கும். லாயப் பக்கம் ஜிப்சத்தின் மேல் 2 அங்குல மரப்பலகை கட்டாயம்; ஓர் உதைக்கே ஜிப்சம் நொறுங்கிவிடும். வீட்டிலிருந்து லாயத்துக்குப் போகும் வழிக்கு நடுவில் ஒரு சிற்றறை, அதற்குத் தானே மூடும் இரண்டு கதவுகள்.

குளிருக்குப் பயந்து லாயத்தை இறுக்கி மூடாதீர்கள். குதிரையின் மூச்சிலிருந்து மட்டுமே தினமும் பல லிட்டர் ஈரம் வரும். தகட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டும், மரம் ஊறும். முகட்டிலும் இறவாரத்திலும் திறப்பு ஆண்டு முழுக்க இருக்கட்டும்.

பரணில் உலர்புல் வைக்கும் யோசனையைக் கைவிட்டேன். 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள கட்டு தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். ஆட்கள் தூங்கும் கூரைக்குள் அது வேண்டாம், தனிக் கொட்டகைதான்.

அடுத்து கொட்டடித் தரை: ஜல்லி, இடித்த கல்தூள், 3/4 அங்குல ரப்பர் பாய்.