இருக்கும் இடத்துக்குள்ளேயே குளியலறையை மாற்றியமைத்தோர்: அனுபவப் பகிர்வு

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நாலரை அடி அகலமும் ஏழரை அடி நீளமும் உள்ள எங்கள் குளியலறையை, ஒரு சுவரையும் தள்ளிக் கட்டாமல், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் மாமியார் பிறர் துணையின்றிப் புழங்கும்படி மாற்றியமைத்தோம். இதே அளவுக் குளியலறையை வைத்துக்கொண்டு இடம் போதவில்லை என்று வருந்துவோர் பலர் இருப்பதால், செய்த வேலைகளில் எவை பலன் தந்தன என்பதை விரிவாக எழுதுகிறேன்.

பழைய அமைப்பில் கதவு உள்நோக்கித் திறந்தது. கழிப்பிருக்கை வலப்பக்கச் சுவரின் நடுவில் இருந்தது. கடைசி மூலையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பை, என்ன காரணத்தாலோ, கதவோரத்தில் பதித்திருந்தார்கள். அறையின் கடைசியில் குளித்த தண்ணீர் முழுவதும் கழிப்பிருக்கையின் முன்புறம் வழியாக ஓடி வாசல்வரை வந்த பிறகே வெளியேறியதால், தரை எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. முதியவர்கள் வழுக்கி விழும் அபாயம் அறையின் அளவைவிட இந்த ஈரத்தில்தான் அதிகம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே கழிப்பிருக்கையை இடம் மாற்றவில்லை. அதை நகர்த்தினால் நாலங்குலக் கழிவுக் குழாயையும் அதன் வாட்டத்தையும் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவையும்) தரையை உடைத்துப் புதிதாக அமைக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். நஹானி ட்ராப்பை மட்டும் குளிக்கும் மூலைக்குக் கொண்டுசென்று, கதவிலிருந்து அந்த மூலைவரை ஏறக்குறைய ஓரங்குல வாட்டம் கொடுத்தோம். குளிக்கும் பகுதியைப் பிரிக்கக் கரை கட்டலாம் என்று மேஸ்திரி சொன்னார். வாக்கர் பிடித்து நடப்பவருக்குக் கரை இடறும் என்பதால் அதை மறுத்து, அந்தப் பகுதிக்கு மட்டும் வாட்டத்தைச் சற்றுக் கூட்டச் சொன்னோம். தரைக்கு ஓரடிச் சதுரமான, சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். இணைப்புகள் அதிகம் வருவதால் காலுக்குப் பிடிப்பும் கூடுதல், வாட்டம் எடுப்பதும் எளிது.

கதவை வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றியது அடுத்த பெரிய லாபம். கதவு சுழல வேண்டியிருந்த இரண்டரை அடி இடம் உள்ளே காலியானதால், ஒரு மூலை வாஷ்பேசின் கதவருகே அடங்கிவிட்டது. இடத்தைக் காட்டிலும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு: உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மீது சாய்ந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது. தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கினோம்.

சிமெண்ட் தொட்டியை இடித்ததில் குளிக்க நாற்காலி போடும் அளவுக்கு இடம் கிடைத்தது. கழிப்பிருக்கைக்குப் பின்னால் இருப்பது ஒன்பதங்குலச் செங்கல் சுவர் என்பதால், மடக்கக்கூடிய கைப்பிடியை அதில் போல்ட் வைத்து உறுதியாகப் பொருத்த முடிந்தது. கண்ணாடித் தடுப்பு வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, சில வாரங்களிலேயே கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். கழற்றித் துவைக்கக்கூடிய திரைச்சீலையே நமக்கு ஏற்றது.

புதுக் கழிப்பிருக்கை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரையில் உள்ள கழிவுத் துளையின் மையம் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பதை டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்துதான் அளக்க வேண்டும். வெறும் செங்கல்லிலிருந்து அளந்தால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஓரங்குலத்துக்கு மேல் விழுங்கிவிடும், இருக்கை பொருந்தாது.

தோட்டப்பாளையத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரி சொன்ன வாட்டம் பற்றிய கருத்து முற்றிலும் சரி. எங்கள் மாடியில், சிஎம்சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் பகுதியில், மூன்றடி அகலக் கழிப்பறையும் நாலடி அகலக் குளியலறையும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரோடு தனித்தனியே இருந்தன. நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்பவருக்கு உள்ளே நிற்க இடமில்லாததால் இரண்டையும் ஒன்றாக்கினோம். அந்தத் தடுப்புச் சுவரின் மீது பரண் ஒன்று உட்கார்ந்திருந்தது. பொறியாளர் வந்து பார்த்து, பரணை அகற்றிய பிறகே சுவரை எடுக்கச் சொன்னார். மெல்லிய சுவர்தானே என்று யாரும் நேரடியாக இடிக்கத் தொடங்க வேண்டாம். மாடியில் செய்வோர், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு ட்ராப்பை அடைத்து ஒரு முழுநாளாவது தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, வாடகைப் பகுதிக்கு நீங்கள் செய்தது பொருத்தமே. ஆனால் கூட்டுக் குடும்பம் வாழும் வீட்டில் கழிப்பறையையும் குளியலறையையும் ஒன்றாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் நேரத்தில் இரண்டு கதவுகள் இருப்பதன் அருமை தெரியும். நாங்கள் தடுப்புச் சுவரை விட்டுவிட்டு, வாஷ்பேசினை மட்டும் வெளியே கூடத்தின் ஓரத்துக்கு மாற்றினோம். அதிலேயே குளியலறைக்குத் தேவையான இடம் கிடைத்தது.

தொட்டியையும் முழுவதாக இடிக்கவில்லை, பாதியாகக் குறைத்தோம். சித்திரை, வைகாசியில் மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கைவைக்க முடியாமல் கொதிக்கிறது. விடியற்காலையில் சிமெண்ட் தொட்டியில் பிடித்து வைத்தால் மாலைக் குளியலுக்கு இதமாக இருக்கிறது. தொட்டி வைத்திருப்போர் அதற்கு மூடி போட்டு, வாரம் ஒருமுறை முழுவதும் வடித்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. வடிப்பதற்கு வசதியாகத் தொட்டியின் அடியில் ஒரு குழாய்த் துளையும் அடைப்பானும் வைக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.